தொட்ட பிறகு கை சுத்தம் செய்கிறோம், தொடும் முன் ஏன் விட்டுவிடுகிறோம்?

இரவு டூட்டி:

வணக்கம். பதினோரு வருடமாக ஐசியுவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் வார்டில் கை சுத்தத்தைக் கவனித்துக் குறிக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது. கையில் ஒரு படிவம், மூலையில் ஒரு நாற்காலி, இருபது நிமிடம் உட்கார்ந்து யார் எந்த இடத்தில் கையைச் சுத்தம் செய்கிறார்கள், எந்த இடத்தில் விடுகிறார்கள் என்று டிக் போட வேண்டும். இத்தனை வருடம் நானும் ஓடிக்கொண்டே இருந்ததால் ஒரு தடவைகூட இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. பார்த்ததில் ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு சிஸ்டர். எங்கள் வார்டிலேயே நல்ல வேலைக்காரி, என் குடும்பத்தில் யாராவது படுத்தால் அவர்தான் பார்க்க வேண்டும் என்று நான் கேட்பேன், அப்படிப்பட்டவர். வென்டிலேட்டர் அலாரம் அடிக்கிறது, ஓடி வருகிறார். திரையை விலக்குகிறார், அலாரம் பட்டனை அமுக்குகிறார், கட்டில் கம்பியை இறக்குகிறார், சரிந்த மூக்குக் கண்ணாடியை விரலால் மேலே தள்ளிக்கொள்கிறார், அதே விரல்களால் சென்ட்ரல் லைனின், அதாவது பெரிய ரத்தக்குழாய்க்குள் போகும் குழாயின், மூடியைத் திறந்து மருந்து ஏற்றுகிறார். மருந்து சரி, அளவு சரி, வேகம் சரி, நோயாளியிடம் இரண்டு வார்த்தை ஆறுதலாகவும் பேசினார். வெளியே வந்ததும் கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவமான ஹேண்ட் ரப்பை அமுக்கி, விரலிடுக்கு வரை பொறுமையாகத் தேய்த்தார். என் படிவத்தில் ‘தொட்ட பின்’ என்ற கட்டத்தில் டிக் விழுந்தது. ‘தொடும் முன்’, ‘சுத்தமான செயலுக்கு முன்’ இரண்டும் காலி.

அன்று முழுவதும் அதே கதைதான். வெளியே வரும்போது கை தானாக பாட்டிலுக்குப் போகிறது, உள்ளே நுழையும்போது போவதில்லை. அடுத்த நாள் டூட்டியில் என்னையே கவனித்தேன். நானும் அப்படித்தான். அப்போதுதான் உறைத்தது, நாங்கள் கையைச் சுத்தம் செய்வது பெரும்பாலும் எங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான், நோயாளியைக் காப்பாற்ற அல்ல. உங்கள் வார்டுகளில் எப்படி? எதைச் செய்து இதை மாற்றினீர்கள்?

நுண்ணோக்கி:

சிஸ்டர், நீங்கள் பார்த்தது உங்கள் வார்டில் மட்டும் நடப்பதல்ல. 2010இல் 96 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு வந்தது. கையைச் சுத்தம் செய்ய வேண்டிய தருணங்களில் உண்மையில் செய்தது, மொத்தத்தில் நடுநிலை அளவு 40 சதவீதம். நோயாளியைத் தொட்ட பின் 47, தொடும் முன் 21. பாதிகூட இல்லை. டாக்டர்கள் 32, நர்ஸுகள் 48. ஐசியுக்கள் மற்ற வார்டுகளைவிடக் கீழே, 30 முதல் 40 வரைதான்.

உலக சுகாதார நிறுவனம் 2009 வழிகாட்டியில் சொல்லும் ஐந்து தருணங்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். தொடும் முன், சுத்தமான செயலுக்கு முன், உடல் திரவம் பட வாய்ப்பிருந்த பின், தொட்ட பின், நோயாளியைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். முதல் இரண்டும் நோயாளிக்காக. மற்ற மூன்றும் நமக்காகவும் அடுத்த கட்டிலுக்காகவும். ரத்தமோ சளியோ பட்டால் அருவருப்பே நம்மைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் திரை, அலாரம் பட்டன், கண்ணாடி எல்லாம் பார்க்கச் சுத்தமாக இருக்கின்றன. கண்ணுக்கு அழுக்காகத் தெரியாத கையைச் சுத்தம் செய் என்று மனது சொல்லாது. கைத்தோலில் எப்போதும் குடியிருக்கும் கிருமிகள் ஒரு வகை, தொட்ட இடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருபவை இன்னொரு வகை. வார்டில் பரவித் தொல்லை கொடுப்பதில் பெரும்பங்கு இந்த ஒட்டிக்கொண்டு வருபவைதான், ஆல்கஹால் ரப்பில் சட்டென்று குறைவதும் இவைதான்.

சர்ஜரி பிஜி:

மன்னிக்கவும், நேராகவே சொல்கிறேன். காலை ரவுண்ட்ஸில் நாற்பது நோயாளிகள், எட்டு மணிக்குள் தியேட்டரில் இருக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, டிரெஸ்ஸிங் பிரித்தால் நடுவில் இன்னொரு தடவை. தடவைக்கு அரை நிமிடம் என்றாலே கணக்குப் போட்டுப் பாருங்கள், ரவுண்ட்ஸ் நேரம் அதிலேயே போய்விடும். கிருமியைப் பற்றி எங்களுக்குத் தெரியாமல் இல்லை, எம்பிபிஎஸ் இரண்டாம் வருடத்திலேயே படித்ததுதான். நேரம் இல்லை, அவ்வளவுதான். கையுறை போடுகிறோமே, அது போதாதா?

நுண்ணோக்கி:

டாக்டர், நேரம் இல்லை என்பதை நான் மறுக்க மாட்டேன். 1997இல் இதையே ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தார்கள். 12 பேர் வேலை செய்யும் ஓர் ஐசியுவில் எல்லாரும் ஒன்றுவிடாமல் சிங்க்குக்கு நடந்துபோய் சோப்புப் போட்டுக் கழுவினால் ஒரு ஷிஃப்டில் மொத்தம் 16 மணி நேரம் அதற்கே போகும். கட்டிலருகில் ஆல்கஹால் ரப் இருந்தால் 3 மணி நேரம். அதாவது சிங்க்கை நம்பி நூறு சதவீதம் கேட்பது நடக்காத காரியம், அதற்கு ஆட்களைத் திட்டிப் பயனில்லை. சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 நொடி, போய்வரும் நடை வேறு. ரப் 20 முதல் 30 நொடி, அதுவும் கட்டிலுக்கு நடந்துகொண்டே, நோயாளியிடம் பேசிக்கொண்டே தேய்க்கலாம். உங்கள் அரை நிமிடத்தில் பாதி, எப்படியும் நடக்கப்போகும் நேரத்துக்குள் அடங்கிவிடும்.

ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனையில் பிட்டே என்ற மருத்துவரின் குழுவினர் செய்தது இதுதான். கட்டிலருகில் ரப், கண்ணில் படும்படி சுவரொட்டிகள், அளந்ததை வார்டுக்கே திருப்பிச் சொல்வது, மேலதிகாரிகளின் ஆதரவு. 1994இல் 48 சதவீதமாக இருந்த கை சுத்தம் 1997இல் 66 ஆனது. மருத்துவமனையில் வந்து சேர்ந்த தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9க்கு இறங்கியது. அந்தக் காலத்தில் வேறு சில மாற்றங்களும் நடந்தன, இறக்கம் முழுவதையும் கை சுத்தத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் அந்த உயர்வு ரப் பாட்டிலால் வந்தது, சிங்க்கில் கழுவுவது கூடவே இல்லை. வேலை அதிகமாக அதிகமாகக் கை சுத்தம் குறைகிறது என்று காட்டியவர்களும் அவர்கள்தான், எனவே உங்கள் நாற்பது நோயாளிகள் என்பது சாக்கு அல்ல, காரணம்.

கையுறை விஷயம் மட்டும் ஏற்க முடியாது. 2011இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், கையுறை போடாதபோது 50 சதவீதமாக இருந்த கை சுத்தம் கையுறை போட்டபோது 41ஆகக் குறைந்தது. கையுறை கொடுக்கும் தைரியம் கை சுத்தத்தை விழுங்கிவிடுகிறது. கையுறைக்குள்ளும் கிருமி போகும், கழற்றும்போது கையிலும் படும். ஒரே ஜோடியோடு கட்டில் கட்டிலாகப் போனால் அந்தக் கையுறையே கிருமிக்கு வண்டி.

கட்டில் பக்கத்து மகன்:

நான் மருத்துவத்துறை இல்லை. போன வருடம் அம்மா முப்பத்தாறு நாள் ஐசியுவில் இருந்தார். அந்த இடத்தின் பெயர் வேண்டாம், நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாள் பார்வை நேரத்தில் ஒருவர் வந்தார், போனில் பேசி முடித்து சட்டைப்பையில் வைத்தார், அப்படியே அம்மாவின் கழுத்தில் இருந்த லைனின் கட்டைப் பிரித்துப் பார்த்தார். ரப் பாட்டில் கட்டிலின் கால்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு நாக்கு நுனி வரை வந்தது, கேட்கவில்லை. கேட்டால் கோபித்துக்கொள்வார், அம்மாவைச் சரியாகப் பார்க்க மாட்டார் என்று பயம். நான்கு நாள் கழித்து ரத்தத்தில் கிருமி என்றார்கள். அதனால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அம்மா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்த ஒரு நிமிடம் நான் வாயைத் திறக்காதது இன்னும் உறுத்துகிறது. கேட்கலாமா? கேட்டால் எப்படிக் கேட்பது?

வெள்ளைச் சீருடை:

தம்பி, முதலில் ஒன்று சொல்கிறேன், அந்தப் பாரம் உங்களுடையது இல்லை. படுத்திருப்பவரின் பிள்ளை காவல்காரனாக நிற்க வேண்டிய நிலை வந்தால் தவறு எங்கள் பக்கம்தான்.

நான் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், அதில் பாதி மாணவிகளுக்குப் பாடம் எடுத்தேன். கேட்கத் தயங்கியது நீங்கள் மட்டும் இல்லை. பெரிய டாக்டர் நேராகக் காயத்தில் கை வைத்தபோது தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான், ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லும் வழக்கமே அப்போது கிடையாது.

மாணவிகளுக்கு ஒவ்வொரு வருடமும் வியன்னா கதையைச் சொல்வேன். 1840களில் அங்கே பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும், இன்னொன்றில் மருத்துவச்சிகள். டாக்டர்கள் பிரிவில் பிரசவக் காய்ச்சலில் சாகும் தாய்மார்கள் இரண்டு மடங்குக்கும் மேல், அந்தப் பிரிவில் சேர்க்காதீர்கள் என்று பெண்கள் கெஞ்சுவார்களாம். செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் காரணத்தைத் தேடிக்கொண்டே இருந்தார். 1847இல் அவருடைய நண்பர் கொலெச்கா பிரேதப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி பட்டு, அந்தத் தாய்மார்களைப் போலவே காய்ச்சல் கண்டு இறந்தார். பிணவறையிலிருந்து பிரசவ அறைக்கு எதையோ கையில் கொண்டுபோகிறோம் என்று செம்மல்வைஸுக்குப் புரிந்தது. அந்த மே மாதம் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் இறந்த பிரிவில் ஜூனில் 2 பேர் சொச்சம். இவ்வளவு கண்ணெதிரே நடந்தும் பெரியவர்கள் பலர் ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்கும் பொறுமை போய், ஏற்காதவர்களைக் கொலைகாரர்கள் என்று கடிதம் எழுதினார். 1865இல் ஒரு மனநலக் காப்பகத்தில் இறந்தார், வயது 47தான்.

இந்தக் கதையில் மாணவிகள் கிருமியைக் கவனிப்பார்கள். நான் அவர்களிடம் சுட்டிக்காட்டுவது வேறு. உங்கள் கை அழுக்கு என்று ஒரு டாக்டரிடம் சொன்னால் அவர் காதில் நீங்கள் கெட்டவர் என்றுதான் விழுகிறது. அதனால்தான் கேள்வியை அந்த மாதிரி வைக்கக்கூடாது. தம்பி, அடுத்த முறை பாட்டிலை எடுத்து நீட்டுங்கள். ‘டாக்டர், ரப் இதோ இருக்கிறது’, அவ்வளவு போதும். தொண்ணூறு பேர் நன்றி சொல்லிவிட்டு அமுக்குவார்கள். மீதிப் பத்துப் பேருக்காகத்தான் வார்டில் இன்சார்ஜ் சிஸ்டர் இருக்கிறார், அவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

துப்புரவுப் பிரிவு:

எல்லாரும் டாக்டர், நர்ஸ் பற்றியே பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். சுவரில் மாட்டிய டிஸ்பென்சரில் பாதி நேரம் ஒன்றும் வராது. திரவம் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் ஜெல் அதன் முனையில் காய்ந்து அடைத்திருக்கும், இல்லையென்றால் தானியங்கி டிஸ்பென்சரில் பேட்டரி போயிருக்கும். ஒருவர் இரண்டு தடவை அமுக்கி ஒன்றும் வரவில்லை என்றால் மூன்றாவது தடவை அந்தப் பக்கம் கையே போகாது, நிரப்பி வைத்த பிறகும் போகாது. இரவில் தீர்ந்தால் ஸ்டோர் சாவி பகல் ஆளிடம். யார் நிரப்ப வேண்டும் என்று கேட்டால் வார்டு எங்களைக் கை காட்டும், நாங்கள் ஸ்டோரைக் கை காட்டுவோம். எங்கள் இடத்தில் இதை எழுத்தில் போட்டோம், ஒவ்வொரு ஷிஃப்ட் மாறும்போதும் என் ஆள் எல்லா பாட்டிலையும் ஒரு தடவை அமுக்கிப் பார்க்க வேண்டும், இரண்டு கேன் வார்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அப்புறம் இன்னொன்று. கட்டில் கம்பியையும் திரையையும் நாள் முழுவதும் தொடுவது என் ஆட்கள்தான், ஆனால் ஐந்து தருணம் பற்றிய வகுப்புக்கு எங்களைக் கூப்பிட்டது இரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை.

இரவு டூட்டி:

அண்ணா, மிக்க நன்றி. என் படிவத்தில் ‘பாட்டில் வேலை செய்ததா’ என்று ஒரு கட்டமே இல்லை. நாளைக்கே சேர்க்கிறேன்.

விரல் வெடிப்பு:

நானும் நர்ஸ். ஒன்று கேட்க வேண்டும். என் விரல் முட்டிகள் எல்லாம் வெடித்துக் கிடக்கின்றன, ரப் பட்டால் தீயாய் எரிகிறது. எரியும் என்று தெரிந்தே எத்தனை தடவை கை நீட்டுவது? ஆடிட்டில் எனக்கு எப்போதும் குறைந்த மதிப்பெண்தான், காரணத்தை யாரும் கேட்டதில்லை.

தோல் மருத்துவர்:

உங்கள் தோல் ஏற்கெனவே உடைந்திருப்பதால்தான் ரப் எரிகிறது, உடைத்தது பெரும்பாலும் சோப்பாகத்தான் இருக்கும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ரப்பை விட்டுவிட்டு இன்னும் அதிகமாகச் சோப்புப் போடுகிறார்கள், வெடிப்பு கூடுகிறது. கையில் அழுக்கு தெரியாதபோது கிளிசரின் போன்ற மென்மையாக்கி சேர்ந்த ரப் மட்டும் போதும். சோப்பில் கழுவிய கையோடு உடனே ரப்பும் போடாதீர்கள். கை நன்றாகக் காய்ந்த பிறகே கையுறை. டூட்டி முடிந்ததும் தூங்கும் முன்னும் கிரீம் தடவுங்கள். இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் அலர்ஜியா என்று பார்க்க வேண்டும், அதைப் பணியாளர் நலப்பிரிவில் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் இது வேலையால் வந்த நோய்.

நுண்ணோக்கி:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ ரத்தமோ பட்டிருந்தால் சோப்பும் தண்ணீரும்தான். குளோஸ்டிரிடியாய்ட்ஸ் டிஃபிசீல் என்ற கிருமியால் வயிற்றுப்போக்கு வந்த நோயாளி என்றாலும் அப்படியே, அதன் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது, தேய்த்துக் கழுவித்தான் அகற்ற முடியும்.

சர்ஜரி பிஜி:

இழையை முழுவதும் படித்தேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். நேரம் இல்லை என்று எழுதினேன், அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. எங்கள் யூனிட்டில் இரண்டு சீஃப், அதாவது மூத்த டாக்டர்கள். ஒருவர் கட்டிலுக்குக் கட்டில் ரப் அமுக்கிக்கொண்டே பேசுவார், அவர் ரவுண்ட்ஸில் நானும் அமுக்குகிறேன். இன்னொருவர் அமுக்க மாட்டார், அவர் ரவுண்ட்ஸில் நானும் அமுக்குவதில்லை. இரண்டிலும் அதே நாற்பது நோயாளிகள்தான், அதே எட்டு மணி தியேட்டர்தான். இதை இதுவரை நான் கவனித்ததே இல்லை.

நுண்ணோக்கி:

இதைத்தான் 2003இல் ஓர் ஆய்வும் சொன்னது. அறையில் இருக்கும் மூத்தவர் கையைச் சுத்தம் செய்யாவிட்டால் மற்றவர்கள் செய்யும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. அப்படியே ஸ்டெதஸ்கோப்பையும் துடையுங்கள் டாக்டர். 2014இல் ஜெனீவாவில் பார்த்தபோது ஒரு நோயாளியைப் பரிசோதித்த பிறகு அதன் வட்டப்பகுதியில் இருந்த கிருமிகள், விரல் நுனியைத் தவிர கையின் மற்ற எல்லா இடத்தையும்விட அதிகமாக இருந்தன.

இரவு டூட்டி:

எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இந்த மூன்று வாரத்தில் நாங்கள் செய்தவை.

பாட்டிலைத்தான் முதலில் மாற்றினோம். எங்கள் வார்டில் அது கதவோரச் சுவரில் இருந்தது. அதனால்தான் வெளியே போகும்போது கை தானாகப் போனது. கட்டில் பக்கம் நிற்பவர் லைனைத் திறக்கும் முன் கதவு வரை திரும்பி நடந்து வர வேண்டும், யார் வருவார்கள்? இப்போது ஒவ்வொரு கட்டிலிலும் தலைப்பக்கக் கம்பியில் ஒன்று, மருந்து டிராலியில் ஒன்று. திரை விலக்கி, அலாரம் அமுக்கி, லைனுக்குக் கை போகும் வழியில் பாட்டில் குறுக்கே நிற்கிறது.

இன்னொன்று புறஊதா விளக்கு. ஒளிரும் திரவம் கலந்த ரப்பைத் தேய்க்கச் சொல்லிக் கையை இருட்டுப் பெட்டிக்குள் விடச் சொன்னோம். படாத இடம் கருப்பாகத் தெரியும். உள்ளங்கை எல்லாருக்கும் பளபளவென்று இருந்தது. வலது கட்டைவிரல் மட்டும் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் கருப்பு, நக நுனிகளும் அப்படியே. நான் முதலில் சொன்ன அந்த சிஸ்டர் தன் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘மூடியைத் திறப்பதே இந்த விரலால்தானே’ என்றார். வேறு யாரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலை மற்ற கையால் சுற்றிப் பிடித்துத் தேய்க்கிறார், பக்கத்தில் நிற்பவர்களுக்கும் காட்டுகிறார்.

சுவரொட்டியையும் மாற்றினோம். ‘உங்களைக் காத்துக்கொள்ளுங்கள்’ என்று இருந்ததை எடுத்துவிட்டு நோயாளியைக் காப்பது பற்றி எழுதினோம். 2011இல் அமெரிக்காவில் இரண்டு வாசகங்களையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள், நோயாளியைச் சொன்ன பலகைக்குப் பக்கத்தில்தான் சோப்பும் ஜெல்லும் கூடுதலாகச் செலவாயின.

என் எண்களை மட்டும் இங்கே போட மாட்டேன், அவற்றில் எனக்கே நம்பிக்கை இல்லை. நான் நாற்காலியைப் போட்டதுமே எல்லாரும் திருந்திவிடுகிறார்கள். 2014இல் டொராண்டோவில் டிஸ்பென்சர்களில் மின்னணுக் கணக்கு வைத்துப் பார்த்தபோது, கண்காணிப்பவர் கண்ணில் படும் இடத்தில் பயன்பாடு சுமார் மூன்று மடங்காக இருந்தது. 95 சதவீதம் என்று சுவரில் எழுதி ஒட்டும் வார்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. அதற்குப் பதிலாக மாதத்துக்கு எத்தனை கேன் தீர்ந்தது என்று துப்புரவுப் பிரிவு அண்ணா மாதிரி ஆட்களிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன், அதை ஏமாற்றுவது கடினம்.

மாற முடியாமல் நிற்பது ஷிஃப்டின் கடைசி இரண்டு மணி நேரம். 2015இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், 12 மணி நேர ஷிஃப்டின் தொடக்கத்திலிருந்து முடிவுக்குள் கை சுத்தம் சராசரியாக 8.7 சதவீதப் புள்ளிகள் இறங்கியது. எங்கள் வார்டிலும் விடியற்காலையில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒருவருக்கு மூன்று வென்டிலேட்டர் கொடுத்துவிட்டு அதிகாலை ஐந்து மணிக்கு அவர் பாட்டிலை அமுக்கினாரா என்று டிக் போட எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆட்கள் கேட்டு எழுதியிருக்கிறேன், படிவத்தில் நேரத்தையும் எத்தனை பேர் டூட்டி என்பதையும் சேர்த்து இணைத்திருக்கிறேன்.

கட்டில் பக்கத்து மகன்:

சிஸ்டர், நேற்று அம்மாவைப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரத்தம் எடுக்க வந்தவரிடம் மேசையில் இருந்த பாட்டிலை நகர்த்தி வைத்தேன், வெள்ளைச் சீருடை அம்மா சொன்னபடி. அவர் சிரித்துவிட்டு அமுக்கினார். கட்டைவிரலையும் தேய்த்தார்.

சர்ஜரி பிஜி:

நாளைக்கு அந்த இன்னொரு சீஃபின் ரவுண்ட்ஸ். டிராலியில் வைக்க ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் கட்டிலில் நான் அமுக்கிவிட்டு அவர் பக்கம் நீட்டப்போகிறேன். என்ன ஆனது என்று வந்து எழுதுகிறேன்.